இசக்கித்துரையின் வலது கன்னம்

மாரிசெல்வி தன் புருஷனின் பெயரைக் கேட்பதற்கு முன்னாலேயே அவருடைய மச்சத்தைப் பற்றிக் கேள்விப்பட்டுவிட்டாள். மேலநீலிதநல்லூரில், வீட்டுக்குப் பின்னால் சோளத்தட்டை அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் அது. உள்ளே தரகர் வந்து உட்கார்ந்திருந்தார். அவர் ஒன்றும் வேற்றாள் இல்லை. அவளுடைய பெரியம்மை மகளைக் கட்டியவருக்குச் சித்தப்பா. அந்த முறையில் கொஞ்சம் பொய் சொல்ல உரிமை உள்ளவர்.

"பையனுக்கு வலது கன்னத்துல மச்சம். மிளகு கணக்கா உருண்டையா இருக்கும். ஆம்பளைக்கு வலப்பக்கம், அதுவும் கன்னத்துல! உக்காந்த எடத்துல சோறு வரும்."

"பையன் பேரு என்ன வே?" என்றார் அவள் அப்பா.

தரகர் கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னார். "இசக்கித்துரை."

"என்ன சோலி பாக்கான்?"

"அதான் மச்சம்னு சொன்னேனே!"

உட்கார்ந்த இடத்தில் சோறு வரும் என்றவர், அதை யார் கொண்டுவந்து வைப்பார்கள் என்று சொல்லவில்லை. கல்யாணம் முடிந்து சங்கரன்கோவிலுக்கு வந்த மறுவாரமே மாரிசெல்விக்கு அது விளங்கிவிட்டது.

ரத வீதியில் அவர்களுக்கு ஒரு துண்டுக் கடை. காலையில் ஷட்டரைத் தூக்குவது அவள். தறிக்காரர்களிடம் நீளம் குறைகிறது, சாயம் போகிறது என்று மல்லுக்கு நிற்பது அவள். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் தொண்டை கட்டக் கத்தி விற்பதும் அவள்தான். இசக்கித்துரை கல்லாவுக்குப் பின்னால், தெருவுக்கு வலது கன்னம் தெரியும்படி உட்கார்ந்திருப்பார். வியாபாரம் நன்றாக நடந்தது. மச்சராசி என்றது ஊர். ஒரு வருஷம் வியாபாரம் படுத்துவிட்டது. மாரிசெல்வியின் கால்ராசி என்று அதே ஊர்தான் சொன்னது.

அந்த மச்சத்துக்குப் பூசாரி என்று யாரையாவது சொல்லவேண்டுமானால் அது இசக்கித்துரையின் அக்காள் ஞானபூரணம். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள். பக்கத்துத் தெருவில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். குடும்பத்தில் எது நடந்தாலும் அவளுக்குக் காரணம் அந்தக் கன்னத்தில்தான் தொடங்கும். பெரியப்பா மகன் குவைத்துக்குப் போனது, போகும்போது தம்பி கன்னத்தைத் தொட்டுக் கும்பிட்டதால். அவனே ஆறு மாதத்தில் திரும்பி வந்தது, தொட்டது இடது கையால் என்பதால். இப்படி எல்லாவற்றுக்கும் அவளிடம் கணக்கு இருந்தது. இதை எதிர்த்துப் பேச வக்கீல் படித்தவர்களாலும் முடியாது.

போகப்போக இசக்கித்துரைக்கு ஒரு தொழிலும் அமைந்தது: முதல் போணி. ஊரில் யார் புதுக்கடை திறந்தாலும் முதல் பொருளை வாங்குகிறவர் ராசிக்காரராக இருக்கவேண்டும். அதற்கு இவரைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். வெள்ளை வேட்டி சட்டையில் போவார். செல்போன் கடையில் ஒரு கவர், மருந்துக் கடையில் ஒரு தலைவலித் தைலம், ஆணிக் கடையில் ஒரு பிடி ஆணி என்று வாங்குவார். போட்டோவுக்குக் கன்னத்தைத் திருப்பிக் கொடுப்பார். வீட்டில் ஒரு அலமாரி முழுக்க யாருக்கும் வேண்டாத சாமான் சேர்ந்தது.

வாசலில் வைக்கிற ஃப்ளெக்ஸில் 'மச்சராசி அண்ணாச்சி வருகை தருகிறார்' என்று படத்தோடு போடுவார்கள். ஃப்ளெக்ஸ் அடிக்கிறவர் தன் பங்குக்கு மச்சத்தைக் கொஞ்சம் கறுப்பாக்கி, வட்டமாக்கி, தோசைக்கல் மாதிரி பளபளக்கவிட்டு அடிப்பார். அந்தப் படங்களில் முதலில் தெரிவது மச்சம். அதற்கு ஒட்டுத்துணியாகத்தான் மூஞ்சி.

ஒரே ஒரு தடவை பிசகியது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சுலைமான் பிரியாணிக் கடை திறந்தபோது, எழுத்துக்கு இடம் பற்றவில்லை என்று ஃப்ளெக்ஸ்காரர் படத்தை அப்படியே திருப்பிப் போட்டுவிட்டார். மச்சம் இடது கன்னத்துக்குப் போய்விட்டது. ஞானபூரணம் அதைப் பார்த்துவிட்டு நடுரோட்டில் வயிற்றில் அடித்துக்கொண்டாள்.

"ஆம்பளைக்கு எடப்பக்கம் மச்சம்! குடும்பம் வெளங்குமா? கழத்தச் சொல்லும் வே!"

"விடியக்காலம் கட்டுனது அக்கா. சட்டில சோறு வெந்துட்டு. இப்பப் போய் எங்க வேற அடிக்க?" என்றார் சுலைமான். "அண்ணாச்சி நேர்ல வந்து நின்னா வலப்பக்கந்தான தெரியும்?"

"அவன் வரமாட்டான்!"

தம்பியை அவள் வீட்டை விட்டு வெளியே விடவில்லை. சுலைமான் கடைக்கு முதல் போணி யார் செய்தார் என்று அன்று யாரும் கேட்கவில்லை. மாரிசெல்வி மட்டும் இதை மனதில் ஒரு மூலையில் மடித்து வைத்துக்கொண்டாள். துண்டு மடிக்கிறவளுக்கு அது பழக்கம்தானே.

மச்சம் மாறத் தொடங்கியதையும் முதலில் பார்த்தவள் அவள்தான். அத்தனை வருஷமாக அந்தக் கன்னத்தை எல்லோரும் கும்பிட்டார்கள், யாரும் பார்க்கவில்லை. மிளகு மாதிரி உருண்டையாக இருந்தது ஒரு பக்கமாக வழிந்து, உருகின கருப்பட்டி மாதிரி ஓரம் கோணிக்கொண்டது. ஒரு பாதி கறுப்பு, மறுபாதி சாம்பல். சவரம் பண்ணினால் ரத்தம் கசியும். பொருக்குத் தட்டும். பொருக்கு விழுந்ததும் மறுபடி கசியும்.

"ஏங்க, இது சரியில்ல. டாக்டர்ட்ட காட்டுவோம்."

"ஏட்டி, மச்சம் வளருதுன்னா ராசி வளருதுன்னு அர்த்தம்."

ஞானபூரணம் வந்து தம்பியின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "மொச்சப்பயறு தண்டிக்கு வந்துட்டேல! இனி நீ எலெக்‌ஷன்லயே நிக்கலாம்."

"ரத்தம் வருது மதினி."

"கண்ணேறு. ஊரு கண்ணு பூரா அதுலதான கெடக்கு?"

கோயிலில் இருந்து புற்றுமண் வந்தது. சொறி, சிரங்கு என்று மேலுக்கு எது வந்தாலும் அந்த ஊரில் முதலில் பூசுவது அதைத்தான். மாரிசெல்வியும் பக்தியோடு குழைத்துப் பூசினாள். பிறகு கோமதி அம்மனுக்கு உப்பும் மிளகும் போடலாம் என்றாள். உப்புக் கரைகிற மாதிரி மருவும் கட்டியும் கரையும் என்பது நம்பிக்கை. அதைக் கேட்டதும் இசக்கித்துரைக்கு உதறல் எடுத்துவிட்டது. அம்மன் மச்சத்தையும் சேர்த்துக் கரைத்துவிட்டால்?

சந்நிதியில் நின்று அவர் வேண்டிக்கொண்டது பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது. "தாயே, புண்ணு மட்டும் ஆறணும். மச்சத்துல கை வச்சிராத. ஓரம்கூடக் கொறயப்படாது."

வேண்டுதல் வைப்பவர்கள் உண்டு. அம்மனுக்கே அளவு சொல்லி வேலை வாங்குகிறவரை மாரிசெல்வி அன்றுதான் பார்த்தாள். அம்மன் என்ன நினைத்தாளோ, புண்ணும் ஆறவில்லை, மச்சமும் குறையவில்லை.

பக்கத்துக் கடை அனுவிடம் போனாள். அனு பியூட்டி பார்லர் வைத்திருக்கிறவள்.

"மச்சமா? பேனா கணக்கா ஒரு மெஷின் இருக்கு அக்கா. சுட்டு எடுத்திரலாம், டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சிரும்," என்றவள் மாரிசெல்வி நீட்டிய செல்போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "ரத்தம் வேற வருதா? அக்கா, இத நான் தொடமாட்டேன். அழகுக்கு எடுக்கறதுதான் என் சோலி. நீங்க தோல் டாக்டர்ட்ட போங்க."

சும்மா பார்க்கத்தான், கை வைக்கமாட்டார்கள் என்று சத்தியம் செய்து, திருநெல்வேலி பஸ்ஸில் அவரை ஜன்னலோரமாக உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போனாள். போகிற வழியெல்லாம் அவர் மச்சத்தில் வெயில் படாமல் துண்டால் மறைத்துக்கொண்டே வந்தார்.

டாக்டர் பெயர் ஜெஸ்லின். மாரிசெல்வியின் மகள் ப்ரியதர்ஷினி வயதுதான் இருக்கும். விளக்கு வைத்த பூதக்கண்ணாடி ஒன்றைக் கன்னத்தில் ஒட்டவைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"டாக்டரம்மா, இது ராசியான மச்சம்," என்றார் இசக்கித்துரை, முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது என்று.

"சரிங்க ஐயா. ராசியில எவ்வளவு நாளா ரத்தம் வருது?"

இசக்கித்துரை மாரிசெல்வியைப் பார்த்தார். மாரிசெல்வி சீலிங் ஃபேனைப் பார்த்தாள்.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னாள். தோலுக்கு நிறம் கொடுக்கிற அணுக்கள் ஒரே இடத்தில் கூடிக்கொண்டால் மச்சம். எல்லோர் மேலும் கொஞ்சம் இருக்கும். முக்கால்வாசி மச்சத்தைச் சும்மா விட்டாலே போதும், அது பாட்டுக்குக் கிடக்கும். அழகுக்காக எடுக்கச் சொல்லி வருகிறவர்களுக்கு, பார்த்துச் சோதித்து ஆபத்தில்லாதது என்றால், மேலாகச் சீவி எடுக்கலாம். சிலதை லேசரிலும் எடுப்பதுண்டு.

"ஆனா ஒரு பாதி மறுபாதி மாதிரி இல்லாம கோணுறது, ஓரம் நெளியிறது, ரெண்டு மூணு நிறம் வர்றது, வளர்றது, அரிக்கிறது, ரத்தம் கசியிறது, இதெல்லாம் வந்தா விடக்கூடாது. உங்களுக்கு இதுல பாதிக்கு மேல இருக்கு. இத சுடவும் கூடாது, லேசரும் கூடாது."

"அது ஏம்மா?" என்றாள் மாரிசெல்வி.

"சுட்டுட்டா சாம்பல்தான் மிஞ்சும். சாம்பல டெஸ்ட் பண்ண முடியாது. உள்ள ஏதாவது கெட்டது இருந்தா மேல தோல் மூடிக்கும், அடியில அது பாட்டுக்கு வேலை பாக்கும். இத மரக்கவைக்கிற ஊசி போட்டு முழுசா வெட்டி எடுத்து, தையல் போட்டு, எடுத்தத லேபுக்கு அனுப்பணும். பழைய போட்டோ இருக்கா? எப்போல இருந்து மாறுதுன்னு பாக்கணும்."

போட்டோவுக்கா பஞ்சம்! இசக்கித்துரை பெருமையாகத் தன் செல்போனை நீட்டினார். செல்போன் கடை, மருந்துக் கடை, ஆணிக் கடை. எல்லாவற்றிலும் மச்சம் ஒரே மாதிரி வட்டமாக, தோசைக்கல்லாக இருந்தது. டாக்டர் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போய், "இதெல்லாம் யாரு வரைஞ்சது?" என்று கேட்டாள்.

மாரிசெல்வி தன்னுடையதை எடுத்தாள். அவளிடம் வேறு படங்கள் இருந்தன. மத்தியான நேரம், கல்லாவில் துண்டுக் கட்டின்மேல் தலைவைத்து, வாய் திறந்து அவர் தூங்குகிற படங்கள். 'அப்பா மும்முரமா வியாபாரம் பாக்காவ' என்று சென்னையில் இருக்கிற மகளுக்கு அனுப்புவதற்காக அவ்வப்போது எடுத்தவை. கன்னம் மேலே பார்த்துக் கிடந்ததால் மச்சம் துல்லியமாக விழுந்திருந்தது. முதலில் மிளகு. பிறகு துவரை. பிறகு கோணல். மாரிசெல்வி முதல் படத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி ஒருதரம் பார்த்தாள்.

"தள்ளிப்போடாதீங்க," என்றாள் டாக்டர். "அடுத்த வாரமே வாங்க."

"ஆடித்தபசு முடியட்டும்," என்றார் இசக்கித்துரை. ஆடித்தபசுக்கு மாதங்கள் கிடந்தன.

வீட்டில் பஞ்சாயத்துக் கூடியது. ஞானபூரணம் தரையில் கை அறைந்து பேசினாள். "மச்சத்த அறுத்தா கொலம் அறுந்துபோவும். ஏட்டி, உனக்கு என் தம்பி மேல அப்படி என்ன காந்தல்?"

இசக்கித்துரைக்கு வேறு ஒரு கவலையும் இருந்தது. "ஸ்கூல் சர்ட்டிபிகேட்ல அங்க அடையாளம்னு என்ன எழுதிருக்கு? வலது கன்னத்தில் ஒரு மச்சம். அத வெட்டிட்டா நான்தான் நான்னு எவன் நம்புவான்? கவர்மெண்ட்டுல கேட்டா?"

பத்தாம் வகுப்பில் அவர் தோற்றதற்குப் பிறகு அந்தக் காகிதத்தை யாரும் கேட்டதில்லை. அவராவது ஒருநாள் கேட்பார் என்றுகூட மாரிசெல்வி நினைத்ததில்லை.

"நெஜந்தான். ஆளு போனாலும் அடையாளம் முக்கியம்," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

செய்தி எப்படியோ கசிந்தது. மச்சத்தை எடுக்கப்போகிறார்களாம் என்று ஆட்கள் வரத் தொடங்கினார்கள். துஷ்டி கேட்கச் சாவு வீட்டுக்கு வருகிற மாதிரி வந்து, உட்கார்ந்து, காபி குடித்து, "எப்படி இருந்த மச்சம்!" என்று பெருமூச்சு விட்டுப் போனார்கள். இன்னும் கட்டிமுடிக்காத ஒரு ஹார்டுவேர் கடைக்காரர், மச்சம் இருக்கும்போதே போணியை முடித்துவிடலாம் என்று ஒரு பூட்டோடு வீட்டுக்கே வந்துவிட்டார். இசக்கித்துரை அதையும் வாங்கினார். அன்றைக்குப் பொருக்கு விழுந்து, ரத்தம் சட்டைக் காலரில் இறங்கியது. பூட்டுக்காரர் அதைப் பார்க்காத மாதிரி எழுந்து போனார்.

மறுநாள் மத்தியானம் மாரிசெல்வி கடையைச் சாத்தினாள். "கெளம்புங்க, பிரியாணி திங்கலாம்," என்றாள்.

சுலைமான் கடையில் நிற்க இடமில்லை. இலைக்கு ஆள் காத்துக் கிடந்தது. சுலைமானே மூலையில் ஒரு மேஜையைக் காலிபண்ணிக் கொடுத்தார்.

"பாய், உங்க கட தொறந்தன்னைக்கு முதல் போணி யாரு?" என்று கேட்டாள் மாரிசெல்வி.

"அதையேன் கேக்குதிய? அண்ணாச்சி வரலையா, நான் வாசலையே பாத்துக்கிட்டு நிக்கேன். ராசபாளையத்துக்குப் போற லாரி டிரைவரு ஒருத்தரு, பசில வந்து உக்காந்துட்டாரு. கூலிங்கிளாஸக் கழட்டுனா ஒரு கண்ணு இல்ல."

"மச்சம் இருந்துச்சா?"

"நான் எங்க பாத்தேன்? அவரு ரெண்டாந்தடவ சோறு கேட்டாரு, போட்டேன்." சுலைமான் இலையில் கறியை அள்ளி வைத்தார். "எங்கள்ல இதெல்லாம் கெடையாது அண்ணாச்சி, கொடுக்கறவன் அல்லா. நாலு பேரு உங்களப் பாக்க வருவானேன்னுதான் கூப்டேன். நீங்க வரல. எடப்பக்கத்து மச்சந்தான் வாசல்ல தொங்குச்சு. அதுக்கே இந்தக் கூட்டம்!"

சொல்லிவிட்டு அவர் சட்டிப் பக்கம் போய்விட்டார். இசக்கித்துரை இலையில் கையை வைத்தபடி கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் அவர் கன்னத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் இலையைப் பார்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள்.

"அப்போ நான் யாருட்டி?" என்றார் கடைசியில். சர்ட்டிபிகேட்டுக்காகக் கேட்ட மாதிரி இல்லை.

மாரிசெல்விக்கு வாய்க்கு வந்தது நிறைய இருந்தது. முப்பது வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தாள். அத்தனையையும் விழுங்கினாள்.

"நீங்க துண்டு நல்லா மடிப்பீய," என்றாள். "கல்யாணமான புதுசுல நான் பாத்துருக்கேன். ஓரத்தோட ஓரம் அப்படி ஒட்டும். அதுக்குப் பொறவுதான் எல்லாருமாச் சேந்து உங்கள உக்காரவச்சுட்டாவ."

அவர் பிரியாணியைத் தின்று முடித்தார். கை கழுவும்போது கண்ணாடியில் தன் கன்னத்தைப் பார்த்தார். கண்ணாடிக்குள் மச்சம் ஃப்ளெக்ஸில் இருந்த மாதிரியே இடப்பக்கம் இருந்தது. எத்தனை வருஷமாகச் சவரம் பண்ணுகிறார், அன்றைக்குத்தான் அவருக்கு அது கண்ணில் பட்டதோ என்னவோ.

"எந்தக் கெழமை வரச் சொன்னா அந்தப் புள்ள?" என்று கேட்டார்.

ஞானபூரணமும் கூட வந்தாள். வராமல் இருப்பாளா? உள்ளே ஊசி போட்டு, வெட்டி, தையல் போட்டு முடிக்கிறவரைக்கும் பெஞ்சில் உட்கார்ந்து முனங்கிக்கொண்டே இருந்தாள். டாக்டர் வெளியே வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத ஒரு புட்டியில போட்டுத் தாம்மா. கல்லாப்பெட்டில வச்சுக்கிடுதோம்."

"புட்டியிலதான் போட்டிருக்கேன் பாட்டி. ஆனா அது லேபுக்குப் போகணும்."

"பொறவு திருப்பித் தந்துருவியளா?"

டாக்டர் மாரிசெல்வியைப் பார்த்தாள். மாரிசெல்வி, "மதினி, மொத அங்க என்ன சொல்லுதாவன்னு பாப்போம்," என்று அவளை டீக்கடைக்குக் கூட்டிப்போனாள்.

லேப் முடிவு வருகிறவரை வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. ஹார்டுவேர் கடைக்காரர் மட்டும் போன் பண்ணி, பூட்டு விற்ற போணி செல்லுமா செல்லாதா என்று கேட்டார். மாரிசெல்வி சொன்ன பதிலுக்குப் பிறகு அவர் போன் பண்ணவில்லை.

தோல் புற்று என்று வந்திருந்தது. மெதுவாக வளர்கிற வகை. வேறெங்கும் பரவியதாகத் தெரியவில்லை. வெட்டின ஓரமெல்லாம் சுத்தம், புற்று மிச்சமில்லை. இன்னும் ஒன்றிரண்டு வருஷம் கண்ணேறு என்று மண்ணைப் பூசிக்கொண்டே இருந்திருந்தால் கன்னத்தோடு நின்றிருக்காது என்றாள் டாக்டர். இனி வெயிலில் தொப்பி, குடை. தையல் போட்ட இடத்தையும் மற்ற மச்சங்களையும் அவ்வப்போது வந்து காட்டவேண்டும்.

மாரிசெல்வி பஸ் ஸ்டாண்டுப் பெஞ்சில் உட்கார்ந்து, கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக ஊருக்கெல்லாம் தெரிகிற மாதிரி அழுதாள். இசக்கித்துரை பக்கத்தில் நின்று, தோளில் கிடந்த துண்டை எடுத்து அவளிடம் கொடுத்தார்.

ஞானபூரணம் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் வாயடைத்துப் போயிருந்தாள். அந்தக் கொஞ்ச நேரமும் மாரிசெல்வி வாழ்க்கையில் நல்ல நேரம். பிறகு அவள் தெருவுக்கு இறங்கிவிட்டாள்.

"பாத்தியளா! வேற எவனுக்காவது வந்துருந்தா ஆளயே கொண்டுபோயிருக்கும். என் தம்பிக்கு மச்சராசி. அவனுக்கு வந்தத மச்சமே வாங்கிக்கிட்டு, புள்ளைய விட்டுட்டுப் போயிட்டு!"

ஊர் அதை நம்பியது. நம்பிய கையோடு முதல் போணிக்கு வேறு ஆளைத் தேடிக்கொண்டது. இப்போது உள்ளங்கையில் மச்சம் உள்ள ஒருவரைக் கூட்டிப்போகிறார்கள். தழும்புக்கு யாரும் பத்திரிகை வைப்பதில்லை. துண்டு வியாபாரம் முன்னே எப்படி நடந்ததோ அப்படியே நடக்கிறது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஷட்டரைத் தூக்குவது இன்னும் மாரிசெல்விதான். அவர் உட்கார்ந்திருந்த பழைய நாற்காலியை மட்டும் அவள் கல்லாவுக்குப் பின்னால் இருந்து எடுத்துவிட்டாள்.

இசக்கித்துரை இப்போது ரத வீதிக் கடையில் தரையில் பாய் விரித்து உட்கார்ந்து துண்டு மடித்துக்கொண்டிருக்கிறார்.